ஏப்ரல் கேம்பிங்: யூட்டாவின் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா, நீடில்ஸ் பகுதி

அனைவருக்கும் வணக்கம். குழுவுக்கான கூடார இடம் பதிவாகிவிட்டது. ஏப்ரல் 10, வெள்ளி காலை 6 மணிக்கு சால்ட் லேக் சிட்டியிலிருந்து கிளம்புகிறோம். ஞாயிறு இரவு திரும்பிவிடலாம். சித்திரை முதல் நாளுக்கு வீட்டில் இருப்போம்.

1. தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். இதில் சிக்கனம் வேண்டாம்.
2. பெட்ரோல், ஐஸ், மளிகை எல்லாம் வழியில் உள்ள மோவாப் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து இன்னும் 120 கி.மீ. போக வேண்டும். சிக்னலை நம்பாமல் மேப்பை முன்பே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.
3. பகலில் வெயில், இரவில் உறைகுளிர். போன முறை "ஏப்ரல்தானே" என்று மெல்லிய போர்வையோடு வந்தவர் காரிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். பெயர் வேண்டாம், அவரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்!
4. பாதையை விட்டு இறங்காதீர்கள். கறுப்பாகப் புடைத்திருக்கும் மண்மேலோடு உயிருள்ளது. ஒரு மிதி பட்டால் தேறப் பல ஆண்டுகள் ஆகும். பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.
5. அங்கே விறகு பொறுக்கக் கூடாது, நான் வாங்கி வருகிறேன். நடைபாதைகளில் நாய்களுக்கு அனுமதியில்லை.
6. மழை வரும் என்றால் குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் போக மாட்டோம். தொலைவில் பெய்தாலும் அங்கே திடீர் வெள்ளம் வரும்.

எத்தனை பேர், டென்ட் உண்டா, காரில் எத்தனை இடம் காலி என்று மார்ச் 15க்குள் இங்கேயே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.