ஏழு கன்னிமலை விமான விபத்து: நினைவுப் பலகைக்கு உதவுங்கள்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

நம் மலைநாட்டு நோர்ட்டன் பிரிட்ஜுக்கு வருகிறவர்கள் அங்கே வைத்திருக்கும் விமானச் சக்கரத்தைப் பார்க்காமல் போவதில்லை. பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொள்கிறார்கள். அது எந்த விமானம், யார் அதில் வந்தார்கள் என்று கேட்டால் நம் பிள்ளைகளுக்கே சொல்லத் தெரியவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை, நாம்தான் சொல்லி வைக்கவில்லை.

1974 டிசம்பர் 4, இரவு பத்து மணி கடந்த நேரம். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட மார்ட்டின்ஏர் டிசி-8 விமானம், கொழும்பில் இறங்கிவிட்டு ஜித்தாவுக்குப் போக வேண்டியது. கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று விமானிகள் நம்பிவிட்டார்கள். விமானத்தின் வேகத்தையும் போகும் திசையையும் அளக்கும் டாப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பி இடத்தைக் கணித்ததில் வந்த பிழை அது. உண்மையில் அவர்கள் இன்னும் மலைநாட்டைத் தாண்டியிருக்கவில்லை. இருட்டில் தாழ்ந்துகொண்டே வந்த விமானம் ஏழு கன்னிமலையில் மோதியது. பயணிகள் 182, பணியாளர்கள் 9. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இலங்கையில் நடந்த வேறெந்த விமான விபத்திலும் இத்தனை உயிர் போனதில்லை.

மக்கா போகிறோம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தவர்கள், பெயரே கேள்விப்பட்டிராத ஒரு மலையில் முடிந்துபோனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் யாராவது ஒருநாள் தேடி வந்தால் வாசிக்க நாலு வரியாவது இருக்க வேண்டாமா?

அதனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம், இந்தோனேசிய மொழி நான்கிலும் ஒரு கல்வெட்டு வைக்கவும், மழைக்கு ஒரு சிறு கூரை போடவும் எண்ணியிருக்கிறோம். மேசன் போட்டுக் கொடுத்த கணக்கு 420,000 ரூபாய். அன்றைய இரவைப் பற்றித் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்யும் வேலையும் உண்டு. அதற்குப் பணம் வேண்டாம், நேரம்தான் வேண்டும். உங்கள் லயத்தில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். வருஷத்துக்கு வருஷம் ஆட்கள் குறைகிறார்கள்.

சம்பள நாளில் நூறு ரூபாய் கொடுத்தாலும் சரி, வாங்கிக்கொள்வோம். பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். சிமெந்து, மணல், ஒரு நாள் உழைப்பு என்றாலும் நல்லது.

இன்னொன்று. கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் எதுவும் வராது, கமிட்டிக்காரர் பெயரும்தான். அப்புறம் மனத்தாங்கல் வரக்கூடாது என்று இப்போதே சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
நினைவுப் பலகைக் கமிட்டி