எந்தச் சூழலில் உண்மை?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. என் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டேன். உன்னோடு சண்டை போடவும் ஒரு விஷயம் அகப்பட்டது.

‘உண்மை என்றால் எங்கும் உண்மைதான்’ என்று எழுதியிருக்கிறாய். சரி, ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறிவாளரா? கதைக்குள் ஆமாம். கதைக்கு வெளியே அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. இந்த உதாரணம் செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி ஜான் மெக்கார்த்தியுடையது. அவர் சூழலையே தர்க்கத்துக்குள் ஒரு பொருளாகக் கொண்டுவந்தார். ‘இஸ்ட்(சூ, கூ)’ என்றால், சூ என்ற சூழலில் கூ என்ற கூற்று உண்மை. அவருடைய மாணவர் குஹா 1991இல் ஸ்டான்ஃபோர்டில் இதையே முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தார். அன்றாட அறிவைக் கணினிக்குத் தொகுத்துத் தரும் சைக் என்ற பெரிய அறிவுத்தளத்திலும் இது பயன்பட்டது. அங்கே சூழலுக்குச் சிறு கோட்பாடு என்று பெயர். ஒவ்வொரு சிறு கோட்பாடும் தனக்குள் முரண்படாமல் இருந்தால் போதும். பக்கத்துக் கோட்பாட்டோடு முரண்படலாம்.

குறியீடு மட்டும் என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். கூற்றின் மேல் சீட்டு ஒட்டுவது பெரிய வேலையா என்ன! ஒரு சூழலில் இருப்பதை இன்னொன்றுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் சிக்கல். மெக்கார்த்தியும் அவரோடு சேர்ந்து இதை எழுதிய புவாச்சும் ஒரு விமான எஞ்சினின் விலையை எடுத்துக்கொள்கிறார்கள். தயாரிப்பாளருக்கு அது வெறும் எஞ்சினின் விலை. வாங்கும் கடற்படையின் கணக்கில் உதிரிபாகங்களும் உத்தரவாதமும் சேர்ந்த விலை. இரண்டு தரவுத்தளங்களையும் அப்படியே கொட்டிக் கலந்தால் ஒரே எஞ்சினுக்கு இரண்டு விலை, அதாவது முரண்பாடு. முரண்பாட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்பது உனக்குத் தெரியாததா! அதனால், கடற்படை விலை என்பது எஞ்சின், உதிரிபாகம், உத்தரவாதம் மூன்றின் கூட்டுத்தொகை என்று வெளியே நின்று ஒரு விதி எழுத வேண்டும். ‘லிஃப்டிங்’ விதி என்பது இதைத்தான். இவற்றை யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதியாக வேண்டும். தர்க்கம் தானாகத் தராது. இந்த முறையின் பலவீனமும் அதுதான் என்பேன்.

அப்புறம், உனக்குக் கோபம் வரப்போகிற இடம். ‘இஸ்ட்’ கூற்றும் ஏதோ ஒரு சூழலுக்குள்தான் சொல்லப்படுகிறது. அதற்கு வெளியே இன்னொன்று. எல்லாவற்றுக்கும் வெளியே கடைசிச் சூழல் என்று ஒன்று கிடையாது என்கிறார் மெக்கார்த்தி. முடிவில்லாமல் பின்னால் போகிறதே என்பாய். தேவைப்படும்போது மட்டும் ஒரு படி வெளியே வந்தால் போதும் என்பது என் கட்சி. சூழல் என்றால் என்ன என்று அவர் வரையறுக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் நீ அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வாய். பதில் எழுது.

அன்புடன்,
உன் பழைய எதிர்க்கட்சி