ஸ்க்ரம் தெரிந்த நடுவர்

ஆசிரியருக்கு,

ரக்பி வீரர்கள் சர்வதேச நடுவராவதை வாழ்த்திச் செய்தி போடுகிறீர்கள், மகிழ்ச்சி. அவர்கள் புதிதாகக் கற்பதையும் எழுதுங்கள். பின்களத்திலிருந்து ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃபாக ஆடிய நியூசிலாந்தின் கிளென் ஜாக்சன் 2015 உலகக் கோப்பையில் நடுவராக நின்றார். அந்த இடத்தில் ஆடுபவர் ஸ்க்ரமில், அதாவது இரு அணியின் முன்கள வீரர்களும் கோர்த்துக் குனிந்து பந்துக்காக முட்டித் தள்ளுவதில், தலை நுழைப்பதே இல்லை. வெளியே நின்று பந்துக்குக் காத்திருப்பார். ஆட்ட வேகம், ஆஃப்சைடு எல்லாம் அவருக்கு அத்துப்படி. சிக்கல் ஸ்க்ரமின் முன்வரிசையில்தான்.

ஸ்க்ரம் சரியும் முன்பே அறிகுறி தெரியும். முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் லூஸ்ஹெட் ப்ராப்பின் முழங்கை தரையை நோக்கித் தாழும். அல்லது அவருக்கு எதிரே நிற்கும் டைட்ஹெட் (எதிரணியின் வலது ஓர ப்ராப்), உடல்பகுதிச் சட்டையைப் பிடிக்காமல் கையைப் பிடித்துக் கீழே இழுப்பார். எது முதலில் நடந்தது எனப் பார்க்காமல் விசில் ஊதினால், தவறே செய்யாத அணிக்கு எதிராகப் பெனால்டி போய், அந்த உதையில் எதிரணி 3 புள்ளி எடுத்துவிடலாம். நடுவருக்கு மறைந்த பக்கத்தைத் துணை நடுவர் உடனே சொல்லியாக வேண்டும்.

நடுவராகும் முன்னாள் வீரர்களை, குறிப்பாகப் பின்கள ஆட்டக்காரர்களை, ப்ராப்களின் பயிற்சியில் பக்கத்திலேயே நிற்க வைக்க வேண்டும்.

– ஒரு வாசகர்