காசநோய்: தங்குவிடுதியை மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் காசநோயைப் பரப்புவது வெளிநாட்டு ஊழியர்கள்தான், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரத்தில்) அவர்கள் கூடுவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். காற்றோட்டமில்லாத அறையில் நோயாளியோடு நாள்கணக்கில் சேர்ந்திருப்பவர்களுக்கே பெரும்பாலும் இது தொற்றுகிறது. திறந்தவெளியில் ஒரு மணி நேரம் நின்று ஊர்க்கதை பேசுவது அதற்கு ஈடாகாது. (அந்தக் கூட்டத்தில் இடிபட்டுக் காய்கறி வாங்குகிறவன்தான் நானும்.)

அங் மோ கியோ அவென்யூ 3, புளோக் 203ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? 2012 பிப்ரவரிக்கும் 2016 மே மாதத்துக்கும் இடையில் அங்கு வசித்த ஆறு பேருக்குக் காசநோய் கண்டது. அதுவும் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத வகை. கிருமியின் மரபணுவை ஒப்பிட்டபோதுதான் ஆறும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று தெரிந்தது. சுகாதார அமைச்சு அந்த புளோக்கின் கீழ்த்தளத்திலேயே குடியிருப்பாளர்களுக்குப் பரிசோதனை நடத்தியது. அது வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி அல்ல, நம்மைப் போன்றவர்கள் வாழும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி.

எங்கள் மாடியிலும் ஒரு பெரியவர் இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல். இரண்டு மாதங்களுக்கும் மேலாக இருமினார். இருமல் மருந்து புட்டி புட்டியாகத் தீர்ந்தது. புளோக்குக்குச் சாயம் பூச வந்த பங்களாதேஷ் ஊழியர்கள்தான் ஏதோ கொண்டுவந்துவிட்டார்கள் என்று மின்தூக்கியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். காசநோய் என்று உறுதியானதும் மருத்துவர் கேட்டது அவருடைய இளமைக் காலத்தைப் பற்றி. 1960இல் இங்கே லட்சம் பேருக்கு 307 பேர் என்ற அளவில் இந்த நோய் இருந்தது. கம்பத்தில் (அந்நாளைய கிராமக் குடியிருப்பில்) பத்துப் பேர் ஒரே கூரையின்கீழ் படுத்து வளர்ந்த அந்தத் தலைமுறையில் பலருடைய நெஞ்சில் கிருமி இன்னும் உறங்குகிறது. முதுமையோ நீரிழிவோ அதை எழுப்பிவிடலாம். இப்போது அவர் பலதுறை மருந்தகத்தில் தாதியின் கண்முன்னே மாத்திரைகளை விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டிவிட்டு வருகிறார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு முதல் நாள் பயந்துபோனார். அது மருந்தின் நிறம்.

ஊழியர்களிடையே நோய் இல்லை என்று நான் வாதிடவில்லை. வேலை அனுமதிக்காக எடுக்கும் எக்ஸ்ரே, நோய் வெளிப்பட்டவரைக் காட்டுமே தவிர, உறங்கும் கிருமியைக் காட்டாது. எக்ஸ்ரேயில் தேறி வந்தவருக்கும் பிறகு நோய் வரலாம். புதிய விதிப்படியே தங்குவிடுதியில் ஓர் அறைக்கு 12 பேர் வரை தங்கலாம் என்னும்போது, ஒருவர் இருமலை மறைத்தால் மற்ற பதினொரு பேரின் கதி என்ன? மறைப்பதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. முகவருக்குப் பணம் கட்ட வாங்கிய கடன் அடையுமுன் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் அதைவிடப் பெரிது. சரியான மருந்தைத் தொடங்கிய இரண்டு வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து நோய் தொற்றுவது நின்றுவிடுகிறது. மாத்திரையை மட்டும் குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.

ஆகவே மனிதவள அமைச்சுக்கு ஒரு வேண்டுகோள். இருமலோடு மருத்துவரிடம் போனால் சம்பளம் என்னவாகும், வேலை என்னவாகும், சிகிச்சைச் செலவு யாருடையது என்பதை ஒவ்வொரு தங்குவிடுதியிலும் தமிழிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டச் செய்யுங்கள். சென்ற வாரம் எழுதிய வாசகரின் வீட்டில் மூன்று வாரமாக இருமும் பெரியவர் யாரேனும் இருந்தால், அவரையும் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போகட்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்