சப்பாத்தைக் கழற்றச் சொல்லுங்கள்

மலேசியச் சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நீரிழிவால் போன மாதம் என் சித்தப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர்கள்மீதோ தாதியர்மீதோ குறை எதுவும் இல்லை. என் கேள்வி அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றியது.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு உங்களுடையதுதான். அதன்படி, பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் சீனரில் 15 விழுக்காடு, மலாய்க்காரரில் 22, இந்தியரில் 31. மக்கள்தொகையில் நாங்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. ஆனால் சித்தப்பா படுத்திருந்த வார்டில் பக்கத்துக் கட்டிலிலும் எதிர்க் கட்டிலிலும் தமிழ்தான் கேட்டது.

சித்தப்பா பாதுகாவலர். பன்னிரண்டு மணி நேர வேலை, காலில் கனத்த சப்பாத்து. கிளினிக்குக்குப் போகும் நாளில் சம்பளம் கிடையாது. ஆனாலும் போனார். இரத்தம் எடுத்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள், மாத்திரையும் அடுத்த தேதியும் கொடுத்தார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னவர் ஒருவரும் இல்லை. நரம்பு மரத்துப்போன பாதத்தில் கொப்புளம் வந்தால் வலிக்காது. புண்ணின் வாடையை முதலில் உணர்ந்தவர் உடன் வேலை செய்தவர். அதற்குள் சீழ் எலும்பு வரை போயிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதத்தைச் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டி. பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழையும் ஐந்து நிமிடமும் போதும்.

வார்டில் எங்களுக்கு ஆலோசனை கிடைத்தது: இந்தியர்கள் சீனியையும் ரொட்டி சானாயையும் குறைக்க வேண்டுமாம். நல்லது, குறைக்கிறோம். நள்ளிரவு மாமாக் கடையில் மூன்று இனமும் ஒரே மேசையில் தே தாரிக் குடிப்பதை அந்த ஆலோசகர் பார்த்ததில்லை போலும். எடை அதிகம் ஏறாமலே எங்கள் உடலுக்கு இந்த நோய் வருகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு அங்கே பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் பலருக்குக் கிடைத்தது காவல் வேலையும் லாரியும்தான். விடுப்பு எடுத்து வரிசையில் நிற்க அவர்களால் எப்படி முடியும்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதுதான்: நீரிழிவுக்காக வருபவரின் பாதத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தவறாமல் பாருங்கள். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ நேரம் கொடுங்கள். பதிவு முகப்பில் இனம் எது என்று கேட்டுக் கட்டத்தில் குறிக்கிறீர்கள் அல்லவா? நீரிழிவால் எந்த இனத்தில் எத்தனை பேர் வார்டுக்கு வருகிறார்கள், எத்தனை பேர் காலிழக்கிறார்கள் என்பதை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். எழுத்து மூலம் பதில் அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பணிவுடன்,
ஒரு நோயாளியின் அண்ணன் மகன்,
கிள்ளான்