தலையணையைக் கரைசேர்த்தவன் எழுதுவது

கடலோரச் சுற்றுலாப் பயிற்சிக்குப் பொறுப்பான பணிப்பாளர் அவர்களுக்கும், பரீட்சைப் பிரிவில் உள்ள ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு உங்கள் குறுஞ்செய்தி கிடைத்தது. "அலைச்சறுக்கல் பயிற்றுநர், முதலாம் நிலை. எழுத்து: சித்தி. செய்முறை: சித்தியில்லை. காரணம்: காணொளி தெளிவின்மை." அவ்வளவுதான். கீழே மேன்முறையீட்டுக்கு ஓர் இணைப்பு இருந்தது. அதை அமத்தினால் உங்கள் முகப்புப் பக்கம் வருகிறது. அங்கே இன்னும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்து தொங்குகிறது. இன்றைக்கு ஆகஸ்ட் மாதம். ஆகவே இந்த மடலையே என் மேன்முறையீடாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பொத்துவில்காரன். பக்கத்திலுள்ள அறுகம்பேக் கடற்கரையில் பன்னிரண்டு வருடமாக அலைச்சறுக்கல் பலகை தள்ளுகிறேன். நீந்தத் தெரிந்தும் அலைக்குப் பயந்தவர்களைப் பலகையில் படுக்க வைத்து, சரியான அலை வரும்வரை பிடித்து வைத்திருந்து, 'இப்ப!' என்று தள்ளிவிடுவதுதான் எங்கள் வேலை. அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது முதலில் பெயர் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். சான்றிதழ் இல்லாதவரை அடுத்த சீசனில் கடற்கரையில் படிப்பிக்க விடமாட்டோம் என்று சொன்னதும் சரிதான். படிப்பிக்கிறவனுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். பெருந்தொற்று என்பதால் வகுப்பை ஸூமில் நடத்தியதையும் நான் குறை சொல்லவில்லை. ஏழு கிழமை, கிழமைக்கு மூன்று வகுப்பு, எல்லாவற்றுக்கும் வந்தேன். எழுத்தில் சித்தியும் அடைந்தேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. செய்முறைப் பரீட்சையைக் கடலில் வைத்து நடத்துங்கள்.

என்ன நடந்தது என்பது உங்கள் கோப்பில் இருக்கும். ஆனாலும் கோப்பில் இராத ஒரு பகுதியைச் சொல்கிறேன். மே 21ஆம் திகதி இரவு நாடு முழுக்கப் பயணத்தடை போட்டார்கள். ஒரு கிழமை கழித்து உங்கள் அறிவித்தல் வந்தது. நினைவிழந்த ஒருவரை நெஞ்சளவு நீரிலிருந்து இழுத்து, பலகையில் ஏற்றி, கரைக்குக் கொண்டுவந்து, முதலுதவி செய்வதை வெட்டாமல் ஒட்டாமல் பன்னிரண்டு நிமிடக் காணொளியாக எடுத்து, ஜூன் 14க்குள் அனுப்ப வேண்டும். பரீட்சார்த்தியின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். ஐயா, அந்த ஜூன் 14இலும் பயணத்தடைதான். ஒரு பக்கம் அரசாங்கம் வீட்டை விட்டு இறங்காதே என்றது. மறுபக்கம் நீங்கள் கடலில் இறங்கு என்றீர்கள். பொலிஸ் ஜீப் வருவது உங்கள் அலுவலகத்துக்கு அல்ல, எங்கள் கடற்கரைக்கு.

முதலில் முற்றத்தில் முயன்று பார்த்தோம். தம்பி 'நினைவிழந்தவராக' இருக்கச் சம்மதித்தான், ஆனால் நெஞ்சை அமத்த விடமாட்டேன் என்றான். அவன் சொன்னது நியாயம். உண்மையாக அமத்துவதென்றால் நெஞ்சு 5 சென்ரிமீற்றராவது கீழே போக வேண்டும், நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 தடவை. உயிரோடு இருக்கிற பொடியனுக்கு அதைச் செய்ய முடியாது. அதற்கென்று பொம்மை இருக்கிறது, உங்கள் களஞ்சியத்தில் இருப்பதாக வகுப்பில் படமும் காட்டினீர்கள். எங்களிடம் தலையணைதான் இருந்தது. மூழ்கியவருக்கு முதலில் 5 மூச்சு ஊதி, அப்புறம் 30 அமத்தலுக்கு 2 மூச்சு என்று இலவம்பஞ்சுத் தலையணைக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அந்தத் தலகாணி உனக்கு என்னடா செய்தது?" என்று அம்மா குசினி வாசலில் நின்று கேட்டா. அந்தக் காணொளியை அனுப்பவில்லை. நீர் தெரிய வேண்டும் என்பது உங்கள் விதி.

பயணத்தடையிலும் மீன்பிடிக்கப் போக அனுமதி இருந்தது. அதனால் மாமாவின் தோணிக்கு உதவி என்று சொல்லிக்கொண்டு விடியப்புறம் போனோம். தம்பி மூழ்குபவன், நான் காப்பாற்றுபவன், மாமா படம் பிடிப்பவர். போனை நனையாமல் ஒரு சொப்பிங் பைக்குள் போட்டுக் கொடுத்தேன். வெளிச்சம் வந்தது, இறங்கினோம், ஒரே தடவையில் முடித்தோம். பலகையில் அவனை ஏற்றிய விதம் எனக்கே திருப்தியாக இருந்தது. கரையேறிப் பார்த்தால் இரண்டு கறுப்பு உருவங்கள், பின்னால் ஒரு பெரிய செம்மஞ்சள் வட்டம்.

நாங்கள் இருப்பது இலங்கையின் கிழக்குக் கரை, ஐயா. சூரியன் கடலுக்குள் இருந்துதான் எழும்பும். கரையில் நின்று கடலைப் பார்த்துக் காலையில் படம் எடுத்தால் ஆள் நிழலாகத்தான் விழுவான். வெயில் முதுகுப் பக்கம் வரும்வரை காத்திருக்கலாம், ஆனால் அதற்குள் ஜீப் வந்துவிடும். கொழும்பில் காலி முகத்திடலில் நிற்பவருக்கு இது மாலையில்தான் விளங்கும். பதினான்கு நாளில் மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் அதே சூரியன்.

அப்புறம் அனுப்புகிற கதை. காணொளி ஒரு ஜீபிக்கு மேல். பகல் டேட்டாவுக்குக் காசு போதாது, ஆகவே நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கிற இரவு டேட்டாவில் ஏற்றினேன். எங்கள் வளவில் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஏறினால்தான் இரண்டு கோடு சிக்னல் காட்டும். முதல் இரவு 40 வீதத்தில் நின்றது. இரண்டாம் இரவு மழை. மூன்றாம் இரவு 71 வீதம் வரை வந்து, 'அமர்வு காலாவதியாகிவிட்டது' என்று சொல்லித் திரும்பவும் பூச்சியத்துக்குப் போனது. தொட்டி மேல் குந்தியிருந்து அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளைக் கரைக்கு இழுக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நாலு நிமிடத்தை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்க நாலு இரவு போனது. கடைசியில் தரத்தைக் குறைத்து, பாதி அளவாக்கி அனுப்பினேன். அதைத்தான் நீங்கள் 'தெளிவின்மை' என்கிறீர்கள். மறுக்கவில்லை, தெளிவில்லைதான்.

எங்கள் வகுப்பில் ஒருவர் சித்தியடைந்திருக்கிறார். மலைநாட்டு ஹோட்டல் ஒன்றின் நீச்சல் தடாகத்தில் எடுத்த காணொளி, ஃபைபர் இணைப்பில் ஐந்து நிமிடத்தில் ஏற்றினாராம். நல்ல மனிதர், அவரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முடிவு வந்த அன்று அவரே எனக்கு எழுதினார்: "அண்ணா, பேபி பொயின்ட்ல அலை எந்தப் பக்கத்தால வரும்? ஒருக்கா சொல்லித் தாங்களேன்." பேபி பொயின்ட் என்பது எங்கள் கடற்கரையில் புதியவர்கள் அலை பழகும் இடம். சொல்லிக் கொடுத்தேன். சான்றிதழ் அவரிடம், அலை என்னிடம்.

இது வேடிக்கை இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். மூழ்குகிறவன் கழுத்தைப் பிடிப்பான். தலையணை பிடிக்காது. நீச்சல் தடாகத்தில் நடிக்கிறவனும் பிடிக்கமாட்டான். எங்கள் கடலில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித்தான் வீசும். அலை அழகாக நிமிர்ந்து நிற்பது அதனால்தான். களைத்துப் போன ஒருவன் பலகையைக் கைவிட்டால் பலகையைக் காற்று வெளியே கொண்டுபோவதும் அதனால்தான். அந்த நேரம் பலகைக்குப் பின்னால் போவதா, ஆளுக்குப் பின்னால் போவதா என்று யோசிக்க அரை நிமிடம் கிடைக்காது. பெரிய அலை வரும் மெயின் பொயின்டில் கால் வைக்கும் இடமெல்லாம் பாறை. ஒருவருக்கு இது வருமா வராதா என்பதை அவரோடு தண்ணீரில் நின்றால்தான் காணலாம். சர்வதேச அலைச்சறுக்கல் சங்கம் கொடுக்கும் முதல் நிலைச் சான்றிதழுக்கும் உயிர்காப்புத் தகுதியும், படிப்பித்த மணித்தியாலக் கணக்கும் கேட்கிறார்கள். தெளிவான வெளிச்சம் கேட்கவில்லை.

எனக்கு ஒஸ்திரியாவில் ஒரு சிநேகிதர் இருக்கிறார். முதலில் என் மாணவர். குளிர்காலத்தில் அங்கே பனிப்பலகைச் சறுக்கல் படிப்பிப்பார், ஓகஸ்டில் இங்கே வந்து என்னிடம் அலை படிப்பார். எங்களைவிட அவர்களுக்குத்தான் நோய்க்குப் பயப்படக் கூடுதல் காரணம் இருந்தது. 2020 மார்ச்சில் இஷ்கல் என்ற அவர்களுடைய பனிச்சறுக்கு ஊரின் மதுச்சாலைகளிலிருந்துதான் தொற்று ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போனது. அடுத்த குளிர்காலம் பிரான்சில் சறுக்குவோரை மலைக்கு ஏற்றும் லிஃப்ட் சீசன் முழுக்கப் பொதுமக்களுக்கு ஓடவில்லை. ஒஸ்திரியாவில் நத்தாருக்கு முதல்நாள் திறந்தார்கள், ஹோட்டல்கள் பூட்டியே கிடந்தன. அவரும் அந்த வருடம் மேல்நிலைப் பயிற்சி ஒன்றில் இருந்தார். பனிச்சரிவு எப்படி உண்டாகிறது, முதல்நாள் வருகிறவருக்கு எதை முதலில் சொல்வது, இதெல்லாம் கணினித் திரையில் நடந்ததாம். சரிவில் நின்று செய்து காட்ட வேண்டிய பரீட்சையை மட்டும் தள்ளி வைத்தார்களாம். 'உன் காணொளியை எங்கே எடுத்தாய்?' என்று நான் கேட்டபோது அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. வரவேற்பறைக் கம்பளத்தில் எப்படிச் சறுக்குவது என்று திருப்பிக் கேட்டார்.

தள்ளி வைப்பது ஒரு தோல்வி இல்லை, ஐயா. நோய் குறையும்வரை நாங்களும் காத்திருப்போம். காத்திருந்து பழகியவர்கள் நாங்கள்.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004இல் கடல் ஊருக்குள் வந்தது, பாலமும் சேதமாகி ஊரே துண்டுபட்டது. 2019 ஏப்ரல் 21 குண்டுகளுக்குப் பிறகு, சீசன் தொடங்கும் முன்பே பதிவுகள் எல்லாம் ரத்தாகின. அதே வருடம் செப்டெம்பரில் இங்கே சர்வதேசப் போட்டி நடந்தபோது, இனி எல்லாம் சரி என்று கடன் எடுத்துப் பலகை வாங்கினோம். ஆறு மாதத்தில் விமான நிலையத்தைப் பூட்டினார்கள். பக்கத்து வாடி நானா தன் எட்டுப் பலகையில் ஐந்தை விற்றுவிட்டு இப்போது நெத்தலி காயப்போடுகிறார். விற்காத மூன்றும் கூரைக்குக் கீழே குறுக்காகக் கிடக்கின்றன, அதன் மேல் கோழி முட்டையிடுகிறது. இவ்வளவுக்கும் பிறகு எங்களுக்கு வந்த உதவி ஒரு ஒன்லைன் பாடநெறி. அதன் தமிழ்க் குறிப்பில், கரையிலிருந்து ஆளை வெளியே இழுக்கும் நீரோட்டத்துக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'ரிப் கரன்ட்' என்பதற்கு, 'கிழிந்த மின்சாரம்' என்று போட்டிருந்தது. கிழிந்த மின்சாரத்தில் சிக்கினால் கரைக்குச் சமாந்தரமாக நீந்த வேண்டுமாம். நாங்கள் கேட்டுச் சிரித்தோம். எழுத்துப் பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னொன்று. இதை எனக்காகக் கேட்கவில்லை. அறுகம்பேயில் 2018இல் பெண்கள் அலைச்சறுக்கல் கழகம் தொடங்கினார்கள், நாட்டில் அதுதான் முதலாவது. அப்படிப்பட்ட பிள்ளைகள் நாளைக்குப் பயிற்றுநராக வேண்டும் என்றால், கடலில் நனைந்த உடையோடு, முகம் தெளிவாகத் தெரிய, பன்னிரண்டு நிமிடம் படம் பிடித்து, யார் பார்ப்பார் என்று தெரியாத ஒரு முகவரிக்கு அனுப்பச் சொன்னால் எங்கள் ஊரில் எந்த வீட்டில் விடுவார்கள்? கடற்கரையில் ஒரு பெண் பரிசோதகர் வந்து நின்றால் விடுவார்கள். நடக்கிற காரியம் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் 27ஆம் திகதி, அதுவும் ஒரு செவ்வாய், ஒலிம்பிக்கில் முதல் தடவையாக அலைச்சறுக்கல் இறுதிப் போட்டி நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். பிரேசில்காரர் இத்தாலோ ஃபெரெய்ராவின் பலகை போட்டி தொடங்கிய கையோடு உடைந்தது. வேறு பலகை எடுத்துக்கொண்டு வந்து தங்கம் வென்றார். பார்வையாளரே இல்லாத ஒலிம்பிக்தான். ஆனாலும் நடுவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் இருந்தார்கள். ஃபெரெய்ராவை வீட்டிலிருந்து காணொளி அனுப்பச் சொல்லியிருந்தால் 'பலகை தெளிவின்மை' என்று ஒரு குறுஞ்செய்தி போயிருக்கும்.

கொஞ்சம் கூடக் கதைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது இவ்வளவுதான். பாட வகுப்புகள் திரையிலேயே இருக்கட்டும், அதனால் கொழும்புக்கு வந்து போகும் பஸ் காசு மிச்சம். என்னுடையதும், என்னைப் போல 'தெளிவின்மை' வாங்கிய மற்றவர்களுடையதுமான செய்முறை முடிவை தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். நிலைமை சரியானதும் தமிழ் தெரிந்த ஒரு பரிசோதகரை அறுகம்பேக்கு அனுப்பி, செய்முறைப் பரீட்சையைக் கடலில் வைத்து நடத்துங்கள். தடாகத்தில் சித்தியடைந்தவரையும் வரச் சொல்லுங்கள். தங்குவதற்கு இடம் நான் பார்த்துத் தருகிறேன், அவருக்கும் கடல் பிடிக்கும்.

செப்டெம்பர் என்றால் நல்லது, ஒக்டோபர் கடைசிக்குள் என்றாலும் சரி. அதற்குப் பிறகு வாடைக் காற்று பிடித்துவிடும், மழையும் தொடங்கிவிடும். பேபி பொயின்டில் இடுப்பளவு அலை உள்ள ஒரு காலை போதும். பலகை நாங்கள் தருவோம், உடை மாற்ற நானாவின் வாடி இருக்கிறது. அந்தப் பொம்மையை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள். மூழ்குகிறவனாக என் தம்பியே வருவான். இந்த முறை கழுத்தை இறுக்கிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
முதலாம் நிலை எழுத்தில் சித்தியடைந்த ஒருவன்
பொத்துவில்
2021 ஆகஸ்ட்