பத்தாம் வகுப்புக்கு ஒரு வாய்மொழித் தேர்வு வேண்டும்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தினருக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தினருக்கும்,

வணக்கம். வட மாவட்டம் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 ஆண்டுகளாகச் சமூக அறிவியல் நடத்தி வருகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் 10 மதிப்பெண்ணுக்கு வாய்மொழித் தேர்வு வையுங்கள். சமூக அறிவியல் வினாத்தாளில், புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து, பிள்ளைகள் அதைப் படித்து யோசித்து எழுதும்படி ஒரு கேள்வியாவது கேளுங்கள். இந்த இரண்டும் வந்தால் வகுப்பறை தானாக மாறும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நம்மிடம் கற்பித்தல் முறைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான வழியைப் பார்த்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினோம். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் போனது. எதற்குப் பின் எதைக் கற்க வேண்டும் என்று காட்டும் ஏணிப்படி, அட்டைகள், தரையில் பாய், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. நான் பணிக்கு வந்த புதிதில் ஆறு முதல் எட்டு வரை படைப்பாற்றல் கல்வி வந்தது. மனவரைபடம் போடு, குழுவாகத் தொகுத்து வழங்கு, கலந்து பேசு என்றார்கள். அந்த நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் சாக்பீஸை வாங்கி, கரும்பலகை முழுக்கக் கோடு கோடாக இழுத்து ஒரு பாடத்தையே விளக்கினான். அவன் அவ்வளவு பேசுவான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதே பையன் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது வாயே திறக்கவில்லை. குறை அவனிடம் இல்லை. பத்தாம் வகுப்பில் எங்கள் அனைவரின் கண்ணும் ஒரே இடத்தில் நிலைத்துவிடுகிறது. புக் பேக் கேள்வி, ஸ்லிப் டெஸ்ட், மாலைச் சிறப்பு வகுப்பு, மெல்லக் கற்போருக்கு மினிமம் மெட்டீரியல், ஒவ்வொரு ஆய்விலும் தேர்ச்சி விழுக்காடு. பிள்ளை பேசுவதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. அதனால் நேரமும் இல்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1806-ல் நடந்த வேலூர்ப் புரட்சிக்குக் காரணங்கள் என்ன என்று கேட்டால், என் மாணவர்கள் மூச்சு விடாமல் சொல்வார்கள்: புதிய தலைப்பாகை, தோலில் செய்த சின்னம், சமயக் குறிகளுக்கும் காதணிகளுக்கும் தடை, கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள். ஒரு வருடம், "தலைப்பாகை உத்தரவு மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்தப் புரட்சி நடந்திருக்குமா?" என்று கேட்டேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. பிறகு ஒருத்தி, "இது புக்ல எந்தப் பக்கத்துல இருக்கு டீச்சர்?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது வருடமாக நாங்கள் கற்றுக்கொடுத்தது அதைத்தானே.

அன்று நான் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து ஒன்றைக் கண்டறிந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இது நினைவுக்கு வந்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன். அந்த ஐந்து நொடி நிற்பது சொல்லும் அளவுக்கு எளிதல்ல. அப்புறம் எல்லோரையும் இரண்டு நிமிடம் தனியாக எழுதச் சொன்னேன். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொன்னேன். அதன் பிறகுதான் வகுப்புக்கு முன்னால் பேச்சு. "கோபம் ஏற்கெனவே இருந்துச்சு டீச்சர், தலைப்பாகை இல்லன்னா வேற ஒண்ணு வந்திருக்கும்" என்றான் ஒருவன். "அப்படின்னா வேலூர்ல மட்டும் ஏன் அவ்ளோ பெருசா நடந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டாள் இன்னொருத்தி. மணி அடித்தும் அவர்கள் நிறுத்தவில்லை.

பேசக் கற்றுக்கொடுப்பது என்றதும் நம்மில் பலருக்குப் பேச்சுப் போட்டிதான் நினைவுக்கு வரும். எங்கள் பள்ளியிலும் நடக்கிறது. ஆசிரியர் எழுதித் தருகிறார், பிள்ளை மனப்பாடம் செய்கிறது, எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும் என்பது முதல் பழகிக்கொள்கிறது. மேடைக் கூச்சம் போக அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை எதையும் யோசிக்க வேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பட்டிமன்றத்திலும் எந்த அணி என்பது முன்பே முடிவாகிவிடும். எதிரணி நல்ல நியாயம் சொன்னால் "ஆமாம், நீ சொல்வது சரி" என்று ஒப்புக்கொள்ள அங்கே வழி இல்லை. பள்ளியில் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியது இந்த ஒப்புக்கொள்ளலைத்தான். கேட்பது, கேட்டதைப் புரிந்துகொண்டதாகக் காட்டுவது, காரணம் சொல்வது, காரணம் கேட்பது, தேவைப்பட்டால் மனதை மாற்றிக்கொள்வது. இவற்றுக்குக் கோப்பை கிடைக்காது. ஆனால் நாளை வேலையிலும் வீட்டிலும் ஊரிலும் தினமும் தேவைப்படுவது இவைதான்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் கிராமசபை நடத்தினோம். உள்ளாட்சிப் பாடத்தை வாசித்து முடித்துவிட்டு, பெஞ்சுகளை ஓரம் தள்ளினோம். ஒருத்தி ஊராட்சித் தலைவர், ஒருவன் செயலர், மீதிப் பேர் ஊர் மக்கள். ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது. பள்ளிச் சாலைக்குத் தெருவிளக்கா, குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதா? முதல் நாள் ஒரே கூச்சல். சத்தமாகப் பேசும் நான்கு பையன்களே பேசினார்கள். மறுநாள் ஒரு விதி வைத்தேன்: உனக்கு முன்னால் பேசியவர் என்ன சொன்னார் என்பதை, அவரே "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஏற்கும்படி சொல்லிவிட்டுத்தான் உன் கருத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கூச்சல் பாதியாகக் குறைந்தது. அந்த ஆண்டு முழுவதும் வருகைப் பதிவுக்கு மட்டுமே வாய் திறந்த ஒரு மாணவி எழுந்து, "தொட்டி கழுவுறதுக்கு எதுக்குத் தனியாப் பணம்? அதுக்குன்னுதான் ஆள் இருக்காங்களே?" என்றாள். செயலராக இருந்த பையனுக்குப் பதில் தெரியவில்லை. "விசாரிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றான்.

உண்மையிலேயே விசாரித்தார்கள். மாலையில் ஐந்து பேர் தொட்டியடிக்குப் போய், தூணில் பெயிண்டில் எழுதியிருந்த சுத்தம் செய்த தேதியைக் குறித்து வந்தார்கள். அந்த வருடம் அக்டோபர் 2-ம் தேதி நடந்த நிஜமான கிராமசபையில், அந்த மாணவி அம்மாவோடு போய் உட்கார்ந்து, அடுத்த முறை எப்போது சுத்தம் செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போதே அவள் முகத்தில் தெரிந்தது. ஒரு பாடத்துக்கு நான்கு பாடவேளை செலவானது. அந்த நான்கு பாடவேளையை ஒன்பதில் எப்படியோ எடுத்துவிட்டேன், பத்தில் எடுக்க முடியவில்லை. நான் உங்களுக்கு எழுதுவதே அதனால்தான்.

இதற்கு எதிராக என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளியிலேயே போடும் மதிப்பெண்ணை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிடுவார்கள் என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. மகாராஷ்டிரத்தில் பத்தாம் வகுப்பு மொழிப் பாடங்களில் 20 மதிப்பெண்ணுக்கு வாய்மொழித் தேர்வு இருந்தது. பள்ளிகள் தாராளமாகப் போடுகின்றன என்று அதை நிறுத்தினார்கள். 2018-ல் 89.41 ஆக இருந்த தேர்ச்சி விழுக்காடு, நிறுத்திய பிறகு 2019-ல் 77.10 ஆகச் சரிந்தது. உடனே அக மதிப்பீட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அடுத்த ஆண்டு 95.30. மதிப்பெண் ஏறியது, இறங்கியது. இடையில் பிள்ளைகள் பேசக் கற்றார்களா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம் முப்பருவ முறையில், பிள்ளைகளின் செயல்பாடுகளைப் பார்த்து வகுப்பிலேயே போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் வைத்தோம். எவ்வளவு நல்ல எண்ணம் அது! பல இடங்களில் கடையில் வாங்கிய படத்தை சார்ட்டில் ஒட்டிக் கொண்டுவருவதாக அது சுருங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் நான் கேட்பது அக மதிப்பீடு அல்ல. மேல்நிலையில் செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளர் வருவதுபோல, பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வரட்டும், எங்கள் ஆசிரியர் ஒருவர் உடன் இருக்கட்டும். இரண்டிரண்டு பேராக மாணவர்களை அழையுங்கள். மனப்பாடம் செய்ய முடியாதபடி அங்கேயே ஒரு சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். "உங்கள் ஊருக்கு ஒரே ஒரு பேருந்து கூடுதலாக விட முடியும் என்றால் எந்த நேரத்துக்கு விடலாம்?" என்பது போன்ற எளிய கேள்வி போதும். இரண்டு நிமிடம் யோசிக்க, ஆறு நிமிடம் இருவரும் பேச. ஒரு ஜோடி பேசும்போதே அடுத்த ஜோடி யோசித்துக்கொண்டிருக்கலாம். 40 பேர் உள்ள வகுப்புக்கு 20 ஜோடி, இரண்டு மணி நேரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் பேர் எழுதும் தேர்வு என்பதை மறந்து சொல்லவில்லை. ஆனால் வேலை பள்ளிதோறும் பிரிந்துவிடுகிறது. ஒரு பள்ளிக்கு ஒரு நாள், பெரிய பள்ளிக்கு இரண்டு மூன்று நாள்.

மதிப்பெண் எதற்கு என்பதில் கவனம் வேண்டும். காரணம் சொன்னாரா, மற்றவர் சொன்னதைக் காதில் வாங்கிப் பதில் சொன்னாரா, ஒரு நல்ல கேள்வியாவது கேட்டாரா. உச்சரிப்புக்கும் தூய தமிழுக்கும் மதிப்பெண் வைக்காதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதல் முறையாகப் பத்தாம் வகுப்புவரை வந்தவர்கள். "இன்னா டீச்சர்" என்று ஆரம்பித்து, நான் யோசித்தே பார்க்காத ஒரு காரணத்தைச் சொல்வார்கள். மொழிநடைக்காக ஒரு மதிப்பெண் குறைத்தால்கூட அவர்கள் மறுபடி வாயை மூடிக்கொள்வார்கள். காது கேளாத பிள்ளைக்கும் திக்கிப் பேசும் பிள்ளைக்கும் சைகையிலோ எழுத்திலோ உரையாட வழி இருக்க வேண்டும்.

இன்னொன்று. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழையதில் ஒன்றை எடுத்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இரண்டு பாடத்தைக் குறைத்தாலே எனக்குப் பத்துப் பாடவேளை கிடைக்கும். வேலூர்க் கேள்வி போலப் பத்துக் கேள்விகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச அது போதும்.

இது வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால் நன்னூலைக் காட்டலாம். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் சேரும், உடன் படிப்பவர்களோடு பழகுவதில் ஒரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதில்தான் மீதி அரை என்று கணக்கே போட்டு வைத்திருக்கிறார் பவணந்தி. எங்கள் வகுப்பறைகள் அந்த முதல் காலோடு நின்றுவிட்டன.

ஒரேயடியாக மாநிலம் முழுவதும் வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு ஒன்றியத்தில், ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில், பாஸ் பெயிலுக்குச் சேராதபடி ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். எங்கே பொய் மதிப்பெண் விழுகிறது, எந்தச் சீட்டில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், எத்தனை ஆசிரியர் தேவை என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். நான்கு ஆண்டுகளாக நான் என் வகுப்பில் பயன்படுத்தும் அறுபது சீட்டுகளும், எந்தக் கேள்வி வேலை செய்தது, எது சொதப்பியது என்ற குறிப்பும் ஒரு நோட்டில் இருக்கின்றன. கேட்டால் அனுப்பி வைக்கிறேன். வியாழக்கிழமைகளில் ஐந்தாம் பாடவேளை நாங்கள் பேசும் நேரம். உங்களில் யாராவது வந்து உட்கார்ந்து கேட்டால் பிள்ளைகள் மிகவும் சந்தோஷப்படுவார்கள்.

நம்பிக்கையுடன்,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியை